கோஹருவை ஒசாக்காவுக்கே அனுப்பிவிடு

அன்புத் தங்கை சனாயேவுக்கு,

அண்ணன் தெருஹிகோ எழுதுவது. மழைக்காலம் பிறந்து பத்து நாளாகிறது. வாசலோரத்து ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்து, பூவின் பாரம் தாங்காமல் தலை கவிழ்ந்து நிற்கிறது. தீவில் துணி காய்வதில்லை, கணவாய் காய்வதில்லை, மனிதர்களும் முழுசாகக் காய்வதில்லை. இந்த ஈரத்தில் நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே இங்கே எங்கள் முதல் நினைப்பு. பிரசவம் வரைக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதை மறக்காதே. ஜன்னல் திரையை இழுக்க எழுந்தேன், பக்கத்துப் படுக்கை அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க எழுந்தேன் என்றெல்லாம் கதை விடாதே. உன்னை எனக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். போனில் பேசினால் நீ கேள்வி கேட்பாய், நான் உளறுவேன், உனக்கு ரத்த அழுத்தம் ஏறும். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நான் மட்டும் பேசலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை கோஹருவை உன் மாமியார் வீட்டுக்கு, ஒசாக்காவுக்கே அனுப்பிவிடு. பிள்ளை பெற்று நீ வீடு திரும்ப இன்னும் இரண்டு மாதம் ஆகும். உன் வீட்டுக்காரர் கப்பலை விட்டு இறங்க இலையுதிர்காலம் ஆகிவிடும். அதுவரை அவள் அங்கே இருந்து அங்கேயே பள்ளிக்கூடம் போகட்டும். போன சனிக்கிழமை படகுத்துறையில் அவள் பையை என் கையில் கொடுத்து நீ என்ன சொன்னாய்? "ஒரு வாரம் பாரு அண்ணா. முடியலைன்னா வெக்கப்படாம சொல்லிடு, ஒசாக்கா பாட்டி வந்து அழைச்சிட்டுப் போவாங்க" என்றாய். நான் மார்பைத் தட்டிக்கொண்டேன். ஒரு வாரம் ஆகிவிட்டது. முடியவில்லை. வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு முடியவில்லை. குழந்தை வளர்ப்பதை நான் என்னவோ சோறு போட்டுத் தூங்கவைக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது கோஹரு இல்லை, நான்.

முதலில் அந்த வெள்ளைச் சட்டை. மதியச் சாப்பாடு பரிமாறுகிற பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் சட்டையும் தொப்பியும், ஐந்தாம் எண் போட்ட பையில், கோஹருவின் முறை முடிந்து வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்திருந்தன. துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை கொடுத்தனுப்பினால் அடுத்த பிள்ளை போட்டுக்கொள்ளும். நீ இத்தனை நாளாகச் சத்தமில்லாமல் செய்துவந்த வேலை. நானும் ஞாயிற்றுக்கிழமை துவைத்தேன், நன்றாகவே துவைத்தேன், காலரைத் தனியாகத் தேய்த்துக்கூடத் துவைத்தேன். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. வீட்டுக்குள் கொடி கட்டினால் பூஞ்சை பிடிக்கும். அப்போதுதான் கீழே கொட்டகையில் ராட்டினம் இருக்கிறதே என்று தோன்றியது. நாற்பது கணவாயைக் கொக்கியில் மாட்டிச் சுழலவிட்டால் எப்பேர்ப்பட்ட மழை நாளிலும் அரை நாளில் காய்ந்துவிடுகிறது, ஒரு சின்னச் சட்டை காயாதா? நாற்பத்தோராவது கொக்கியில் சட்டையை மாட்டினேன், அடுத்ததில் தொப்பியை மாட்டினேன், விசையைப் போட்டேன். கோஹரு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அது கணவாய் காயற இடம்."

"காயவைக்கிறது காத்துதானே? இது கணவாய், இது சட்டைன்னு காத்துக்கு என்னடி தெரியும்?"

"சட்டைக்குத் தெரியும்" என்றாள் உன் மகள்.

முப்பது வருஷமாகக் கணவாய்க் கருவாட்டைத் தரம் பிரித்துப் பிழைக்கிறவனுக்குக் கணவாய் வாடை எங்கே தெரியப்போகிறது? எனக்கு அந்தச் சட்டை மணமாகவே இருந்தது. போதாக்குறைக்குச் சூடாக இஸ்திரி வேறு போட்டு, வாடையைத் துணிக்குள் நன்றாக இறக்கிவிட்டேன். திங்கட்கிழமை அது சோத்தா என்கிற பையனுக்குப் போயிற்று. குழம்பு ஊற்றுவது அவன் முறை. அன்றைய சாப்பாடு கோழிக் குழம்பு, முட்டைக்கோஸ், பால். சுவரில் ஒட்டிய அட்டவணையில் உப்பு வரைக்கும் எழுதியிருக்கிறது, கணவாய் என்று எங்கும் இல்லை. முறைப்படி அரை மணி நேரம் முன்னாலேயே தலைமையாசிரியர் கவாசோயே சாப்பிட்டுப் பார்த்து, எந்தக் குறையும் இல்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. சோத்தா குழம்பு அண்டாவின் மூடியைத் திறந்தானாம். "ஐ, இன்னிக்குக் கணவாய்!" என்றதாம் ஒரு குழந்தை. அவ்வளவுதான். முதல் வகுப்பில் ஒரு பெண்ணுக்குக் கணவாய் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அதனால் பள்ளி முழுக்க இருபத்து மூன்று பிள்ளைகளும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். சமையல்கார அம்மா ஓடி வந்து, "நான் கணவாயைத் தொட்டே பத்து நாள் ஆச்சுங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டார். தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் இரண்டாம் முறை சாப்பிட்டுப் பார்த்தார். நாக்கு கோழி என்கிறது, மூக்கு கணவாய் என்கிறது. பாவம், ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற மனிதர், தன் மூக்கை நம்புவதா நாக்கை நம்புவதா என்று தெரியாமல் மேசை மேசையாக மோந்துகொண்டே போய், கடைசியில் சோத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாராம். "நான் குளிச்சுட்டுத்தான் சார் வந்தேன்!" என்று அலறியிருக்கிறான் பையன்.

சாப்பாடு இருபத்திரண்டு நிமிஷம் தாமதம். மதியம் பாட்டு வகுப்பு இல்லை. சாயங்காலம் நிஷிஹாரா டீச்சர் போன் செய்தார். என்னைவிட இரண்டு வகுப்பு கீழே படித்தவர், இன்னமும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "அண்ணே, ஒரு சின்ன விஷயம், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். சின்ன விஷயம் இருபது நிமிஷம் நீண்டது. நான் உடனே மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். வெறுங்கையோடு போகலாமா? இருந்ததிலேயே நல்ல கருவாடாகப் பார்த்துப் பத்துக் கணவாய் கட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தேன். கணவாய்க்கு மன்னிப்பாகக் கணவாயையே கொடுத்த முதல் ஆள் நான்தான் என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. தலைமையாசிரியர் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூச்சை மட்டும் விடவில்லை.

"சோத்தாவை எல்லாரும் முதல் தரம், முதல் தரம்னு கூப்பிடறாங்க" என்றாள் கோஹரு, சாப்பிடும்போது.

"நல்ல பேர்தானே?"

"கணவாய்க்கு."

செவ்வாய்க்கிழமை வாய்விட்டுப் படிக்கும் பாடம். பிள்ளை பாடத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், வீட்டுப் பெரியவர் உட்கார்ந்து கேட்டு, அட்டையில் மிக நன்று என்றால் இரட்டை வட்டமோ, நன்று என்றால் ஒற்றை வட்டமோ, சுமார் என்றால் முக்கோணமோ போட்டு, ஒரு வரி எழுத வேண்டும். தரம் பார்ப்பது என் தொழில் ஆயிற்றே! இதிலாவது பெயர் வாங்கலாம் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். நரியும் மழைமேகமும் கதை. நன்றாகத்தான் படித்தாள், முடிவில் மட்டும் அவசரப்பட்டாள். நான் மனசாட்சிப்படி ஒற்றை வட்டம் போட்டு, "உடம்பு கெட்டி, வால் பக்கம் மெலிவு. இரண்டாம் தரத்தில் உயர்ந்தது" என்று எழுதினேன். மறுநாள் அதற்குக் கீழே நிஷிஹாரா டீச்சர் சிவப்பு மையில், "பாராட்டும்படியாக எழுத முயற்சி செய்யுங்கள். உங்களால் முடியும்!" என்று எழுதி, சிரிக்கிற பூ ஒன்றையும் வரைந்திருந்தார். ஐம்பத்தொரு வயதில் எனக்குப் பூ.

"மாமா, எல்லா வீட்டுலயும் இரட்டை வட்டம்தான் போடுவாங்க" என்று கோஹரு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். "அப்பா கேக்கவே மாட்டாரு. தூக்கத்துலயே போடுவாரு."

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டிருப்பேன், சனாயே. புதன்கிழமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று காலை பள்ளிப் பிள்ளைகளை ரோடு கடத்திவிடக் கொடி பிடிப்பது உன் வீட்டு முறை, அதாவது என் முறை. மஞ்சள் கொடியோடு ஏழு இருபதுக்கே கூட்டுறவுச் சங்கத்து முனையில், நம் தீவின் ஒரே சிக்னல் விளக்குக்குக் கீழே போய் நின்றேன். அந்த விளக்கு எதற்கென்று உனக்குத் தெரியும். நாள் முழுக்க நாலு வண்டி போகிற ஊருக்கு விளக்கு வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் நாளைக்குக் கரைக்குப் போய்ப் படிக்கும்போது சிவப்பு எது பச்சை எது என்று திணறக் கூடாது என்பதற்காக நட்டு வைத்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரும் மஞ்சள் தொப்பி, குடையோடு வரிசையாக வந்தார்கள். "காலை வணக்கம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கு சிவப்பு. நின்றோம். மழை பெய்தது. விளக்கு சிவப்பாகவே இருந்தது. கரையில் எல்லாம் தானாக மாறுகிறதே, இதுவும் மாறும் என்று நான் நின்றேன். பெரியவர் நிற்கிறாரே என்று பிள்ளைகள் நின்றார்கள். அப்போது தபால் வண்டி வந்தது. ஹமசாக்கியை உனக்குத் தெரியும், அவனுக்குப் பச்சை, ஆனாலும் பிள்ளைகளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"தெருஹிகோ, கடந்து போங்கய்யா!" என்று தலையை நீட்டிக் கத்தினான்.

"எங்களுக்குச் சிவப்பு! உனக்குப் பச்சைதானே, நீ போ!"

"பிள்ளைங்க நிக்கறப்ப நான் எப்படிப் போறது? அவங்க முதல்ல போகட்டும்!"

"சிவப்புல எப்படிப் போவாங்க? பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கறே நீ?"

அவன் போகவில்லை, நாங்கள் போகவில்லை. நடுவில் யாருமே இல்லாத ரோடு நனைந்துகொண்டு கிடந்தது. கடைசியில் முதல் வகுப்புப் பொடியன் ஒருவன், என்னைப் பார்த்துச் சொன்னால் மரியாதை இல்லை என்று வானத்தைப் பார்த்து, "பொத்தானை யாராவது அமுக்கினா மாறும்" என்றான். கம்பத்தில் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே பொத்தான் இருந்தது. ஏண்டா முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். வரிசைக்குத் தலைவியான ஆறாம் வகுப்புப் பெண், "கொடி பிடிக்கற பெரியவங்கதான் அமுக்கணும். அவங்க அமுக்கறவரைக்கும் அமைதியா நிக்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றாள், குற்றம் சாட்டாத குரலில். பதினேழு நிமிஷம் நின்றிருக்கிறோம்.

ஒன்பது பேரும் தாமதம். பள்ளி வாசலில் ஒரு பலகை உண்டு, "தாமதமில்லாத நாட்கள்" என்று. அன்றைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும். இந்த மாதம் பலகை கோஹருவின் பொறுப்பு. பிள்ளைகள் சேர்ந்து எழுநூறுக்கு ஒரு விழாவே திட்டம் போட்டிருந்தார்களாம், காகித மாலை பாதி வெட்டியாயிற்றாம். மழையில் நனைந்த தொப்பியோடு, முக்காலி போட்டு ஏறி, அறுநூற்றுப் பதினொன்று என்ற எண்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரே ஒரு பூஜ்யத்தை மாட்டியது உன் மகள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அழவில்லை, திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. பார்த்துத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது உன் மாமியாருக்குப் போன் போட்டேன். "என்னால முடியலைங்க, வந்து அழைச்சிட்டுப் போயிடுங்க" என்றேன். அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, அதுவே குத்தியது. வருகிற வியாழக்கிழமை மத்தியானப் படகில் வருகிறார்.

நான் முடிவு செய்தது சரிதான் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. வியாழக்கிழமை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரும், ஊரில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, டீச்சரோடு என் கொட்டகைக்கு வந்தார்கள். நான் தலை வாரி, புதுச் சட்டை போட்டு, ராட்டினத்தைத் துடைத்து வைத்திருந்தேன். கோஹருதான் குழுத் தலைவி. முன்னால் வந்து நின்று, அட்டையைப் பார்த்து, "இவர் தெருஹிகோ அவர்கள். கணவாய் காயவைக்கிறார். இன்று நமக்காக நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்று குனிந்து வணங்கினாள். மாமா என்று சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். இந்த வேலையில் உங்களுக்குச் சந்தோஷம் எது என்று ஒருத்தி, கஷ்டம் எது என்று ஒருத்தன். சோத்தா கையைத் தூக்கி, "உங்களுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை?" என்று கேட்டான். அது அவன் தாளில் இல்லாத கேள்வி, சட்டைக்குப் பழி வாங்கினான் என்றே நினைக்கிறேன். நான் ராட்டினத்தை ஓடவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. தெருஹிகோ அவர்கள், தெருஹிகோ அவர்கள் என்று அது ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. வெட்கப்படுகிறாள், படத்தானே செய்வாள்?

நேற்று வெள்ளிக்கிழமை ஆச்சரியம் நடந்தது. எழுப்பாமலே எழுந்தாள். தட்டில் குடமிளகாயை ஒதுக்கி வைப்பவள் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டாள். செருப்பு இரண்டையும் வாசலைப் பார்த்து நேராக வைத்தாள், என் செருப்பையும் சேர்த்து. மாமா இது தப்பு, மாமா அது அப்படி இல்லை என்று ஒரு திருத்தம் இல்லை. ஒசாக்காவுக்குப் போகப்போகிறோம் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது, அந்தச் சந்தோஷம்தான் என்று நான் புரிந்துகொண்டேன். வீடு அவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஆகையால், தங்கச்சி, இத்துடன் வைத்திருக்கும் பள்ளி மாற்றல் படிவத்தில் உன் பெயர் முத்திரையைக் குத்தி அனுப்பிவிடு. அவளுக்கு நல்லது அதுதான். அங்கே மழையில் துணி காயவைக்க முறையான இயந்திரம் இருக்கும். விளக்குகளும் தானாக மாறும்.

மழை விட்டு, கோடை வெயிலும் தணிவதற்குள் நீ சுகமாகப் பெற்றுப் பிழைத்து, இரண்டு கையிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகிலிருந்து இறங்க வேண்டும் என்று மலைக்கோயிலில் நான் தினமும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மாக்களுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர்களுக்கு ஒரு கட்டுக் கருவாடு அனுப்பலாம் என்றுதான் இருந்தேன், இந்த வாரத்துக்குப் பிறகு தைரியம் வரவில்லை.

உன் அண்ணன்
தெருஹிகோ
சனிக்கிழமை காலை

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதை எல்லாம் மறந்துவிடு. படிவத்தைத் தேடாதே, அதை எடுத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் இங்கே பூகம்பம் வந்தது. பயப்படாதே, பள்ளிக்கூடத்து ஒத்திகைதான், பெற்றவர்களுக்கு வசதியாகச் சனிக்கிழமை வைத்தது. ஒத்திகை என்ற சொல்லை முதலில் எழுதியிருக்க வேண்டும், திரும்ப எழுதப் பொறுமையில்லை. பிள்ளைகள் மேசைக்கு அடியில் புகுந்து, வரிசையாக விளையாட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார, பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். தினமும் கோஹரு தானாகத்தான் என் வீட்டுக்கு நடந்து வருகிறாள், யாரும் எதுவும் கேட்பதில்லை. பூகம்பத்தில் மட்டும் பள்ளியின் அவசர அட்டையில் பெயர் இருந்தால்தான் ஒப்படைப்பார்களாம். அட்டையில் மூன்று பேர். கடலில் இருக்கிற உன் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியில் இருக்கிற நீ, ஒசாக்காவில் இருக்கிற உன் மாமியார்.

"அண்ணே, உங்களை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் நிஷிஹாரா டீச்சர், கண் கலங்கி. "ஆனா அட்டைக்குத் தெரியலையே."

எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். சோத்தாகூடப் போய்விட்டான். அத்தனை பெரிய கூடத்தில் கோஹரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் தலைமையாசிரியர் கவாசோயே. அவர் என்னிடம் மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டார், நான் நாலு முறை கேட்டேன். பிறகு விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து அரை மணி நேரம் புரட்டினார். முகம் மலர்ந்தது. "பிள்ளையை உங்ககிட்ட ஒப்படைக்க வழியில்லை. ஆனா உங்களைப் பிள்ளைகிட்ட ஒப்படைக்கத் தடை ஏதும் இல்லை" என்றார். புயல், பூகம்பம் என்றால் தீவுக்கே தஞ்சமிடம் பள்ளிக்கூடம்தானே? தஞ்சம் வந்தோர் பதிவேட்டில் முதல் பெயராக என்னை எழுதி, ஒரு போர்வை, ஒரு அட்டை விரிப்பு, தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்து சாப்பிடுகிற பொட்டலச் சோறு எல்லாம் கொடுத்து, கோஹருவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஒத்திகை நாலரைக்கு முடியும், முடிந்துவிட்டால் பூகம்பம் இல்லை, பூகம்பம் இல்லையென்றால் அட்டையும் வேண்டாம்.

சோறு ஊறுவதற்காகக் காத்திருந்தோம். "மாமா" என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு.

"அன்னிக்குக் கொட்டகையில மாமான்னு சொல்லலையே நீ."

"சொந்தக்காரங்களா இருந்தாலும் பேர் சொல்லித்தான் அறிமுகம் செய்யணும்னு டீச்சர் எழுதிக் கொடுத்தாங்க. எனக்கு அது பிடிக்கலை." கொஞ்ச நேரம் பொட்டலத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள்.

"நீயா? நீ என்ன பண்ணினே?"

"ஒசாக்கா பாட்டிகிட்ட போன்ல சொன்னீங்களே, முடியலை, அழைச்சிட்டுப் போயிடுங்கன்னு. குளிக்கிற அறைக்குக் கேட்டுச்சு. அதான் நேத்து எல்லாத்தையும் சரியா செஞ்சேன். குடமிளகாய்கூடச் சாப்பிட்டேன். இன்னும் என்ன செய்யணும், சொல்லுங்க, செய்யறேன்."

சனாயே, ஒழுங்கு ஒழுங்கு என்று நான் நினைத்ததெல்லாம் இந்தக் குழந்தை பயந்து செய்தது. நான் அழுதேன். தலைமையாசிரியர் முன்னாலேயே அழுதேன், அவர் திரும்பிக்கொண்டு கூரையை ஆராய்ந்தார். சமாளிக்க முடியாதது உன்னை இல்லடி, என்னைத்தான், சட்டையைக் கெடுத்தது நான், பூஜ்யம் மாட்டவைத்தது நான் என்றேன்.

"அது எனக்கும் தெரியும்" என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல். "அதுக்கு எதுக்கு நான் ஒசாக்கா போகணும்?"

பதில் இருந்தால் நீ எழுது.

உன் மாமியாருக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று என்றார். வரட்டும், வந்து நாலு நாள் இருந்து, எனக்கு இஸ்திரி போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

படிவத்துக்குப் பதிலாக இந்த உறையில் பள்ளியின் அந்த அட்டை இருக்கிறது. அதில் நாலாவது வரிசை காலியாக இருந்தது. கோஹரு டீச்சரிடம் பென்சில் வாங்கி, தரையில் கவிழ்ந்து படுத்து, தானே நிரப்பினாள். பெயர், தெருஹிகோ. உறவு, மாமா. போன் நம்பர் மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது. கடைசிப் பத்தி நோய், ஒவ்வாமை, பிற குறிப்புகளுக்கானது. அதில் கட்டத்தை மீறிப் பெரிய எழுத்தில், "இன்னும் கத்துக்கிட்டு இருக்கார். திருப்பி அனுப்ப வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாள். நிஷிஹாரா டீச்சர் படித்துப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், அழிக்கச் சொல்லவில்லை. பக்கத்திலேயே தாயின் முத்திரைக்கு இடம் விட்டிருக்கிறது. குத்தி அனுப்பு, தங்கச்சி.